எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளாமல்

கார் இடித்துக் கீழே விழுந்த மனிதன் வாயில் முதலில் என்ன வரும்? ஐயோ அம்மா என்று வரும். கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு என்று வரும். கொஞ்சம் கெட்ட வார்த்தை வந்தாலும் யாரும் குறை சொல்லப்போவதில்லை. இந்த ஓட்டல் சர்வர் வாயில் இது எதுவும் வரவில்லை. நடுரோட்டில், வெள்ளைக் கோடு போட்ட இடத்தில், இடது தோள் ஒரு பக்கமும் செருப்பு ஒரு பக்கமுமாகக் கிடந்தவர், காரிலிருந்து இறங்கிய ஆளைப் பார்த்துச் சொன்னது இதுதான்:

"மன்னிச்சுக்குங்க சார், என் தப்புதான். உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

அந்த ஆள் இறங்கும்போதே கையில் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டுதான் இறங்கினான். கீழே கிடக்கிறவனைத் தூக்கவேண்டும் என்று தோன்றாதவனுக்குப் படம் எடுக்கத் தோன்றியிருக்கிறது. சர்வர் சொன்னதெல்லாம் அதில் அச்சு மாறாமல் பதிவாகிவிட்டது. நடக்கிறவர்களுக்கான பச்சை விளக்கு எரிந்ததும், அதைப் பார்த்துத்தான் அவர் இறங்கினார் என்பதும், கார் திரும்புகிற வேகத்தில் நிற்காமல் வந்ததும் அதில் இல்லை. அதெல்லாம் படத்துக்கு முன்னால் நடந்த சங்கதி.

சர்வர் பிறந்த குடும்பத்தைத் தெரிந்தவர்களுக்கு இது நம்பமுடியாத விஷயம். அவருடைய அப்பா வழியில் மூக்குக்கு மேல் கோபம் இல்லாதவர்கள் யாரும் கிடையாது. பெரியப்பா ஒருவர் இரவல் கொடுத்த ஏணி திரும்பி வரவில்லை என்று கூடப்பிறந்த தம்பியோடு பேச்சை விட்டவர், கடைசி மூச்சுவரை பேசவில்லை. அத்தை ஒருத்தி, பஸ்ஸில் கண்டக்டர் முறைத்தார் என்று பாதி வழியில் இறங்கி, வேகாத வெயிலில் நடந்தே வீடு வந்து சேர்ந்தவள். அந்த ரத்தத்தில் பிறந்தவர்தான் இவரும். ஆனால் இளவட்டமாக இருக்கும்போதே பெரிய ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். வெள்ளை மேசைத்துணி, மடித்து நிறுத்திய கைக்குட்டை, தள்ளினால் இரண்டு பக்கமும் ஆடுகிற சமையலறைக் கதவு என்று இருக்கிற ஓட்டல். சேர்ந்த அன்றைக்கே மேனேஜர் அவரை நிற்கவைத்துச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், ட்ரே பிடிப்பது இல்லை.

"சூப்பு ஆறிப்போச்சா, உன் தப்பு. சமையல்காரன் உப்பை அள்ளிப் போட்டுட்டானா, உன் தப்பு. வந்தவரே கையைத் தட்டிக் கொட்டிக்கிட்டாரா, அதுவும் உன் தப்பு. யார் தப்புன்னு யோசிக்கிற வேலை உனக்கு இல்லை. வாயைத் திறந்ததும் 'மன்னிச்சுக்குங்க, என் தப்புதான்'. அப்புறம்தான் மூச்சே விடணும். புரிஞ்சுதா?"

புரிந்தது. நன்றாகவே புரிந்தது. பத்து வருஷத்தில் அது மூச்சோடு கலந்துவிட்டது. கூட்டத்தில் இவர் காலை யாராவது மிதித்தால் இவர்தான் மன்னிப்புக் கேட்பார். வீட்டில் கதவு நிலையில் தலை இடித்தால் கதவிடம் கேட்பார். கல்யாணமான புதிதில் பெண்டாட்டி ஒருநாள் பாலைப் பொங்கவிட்டுவிட்டாள்; கூடத்தில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர், "என் தப்புதான்மா" என்றார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இந்த மனுஷனோடு சண்டையே போட முடியாது என்று அண்ணனிடம் பெருமையாகச் சொன்னாள்.

இப்போது அந்த அண்ணன்தான் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, ஊரெல்லாம் சுற்றித் தன் போனுக்கும் வந்து சேர்ந்திருந்த அந்தப் படத்தை நாலாவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பைக் மெக்கானிக். ஊரில் எந்த வண்டி எதில் மோதினாலும் அவர் பட்டறைக்குத்தான் வரும். அதனால் விபத்துச் சட்டம் முழுவதும் தனக்கு அத்துப்படி என்று நினைப்பு.

"மாப்ளே, ஒண்ணு கேக்கறேன் கோவிச்சுக்காதீங்க. இடிச்சது அவன். விழுந்தது நீங்க. இதுல அவனுக்கு ஒண்ணும் ஆகலையான்னு வேற கேட்டிருக்கீங்க. அப்படியே அவனுக்கு ஒரு காபி சொல்லியிருக்கலாமே?"

"அது தானா வந்துடுச்சு மச்சான்."

"தானா வந்துடுச்சாம். வாந்தியா, தானா வர்றதுக்கு?"

"அண்ணா, அவரே வலியில இருக்காரு," என்றாள் தங்கை. சலவைக்கடை கவுண்ட்டரில் உட்கார்ந்து நாள் முழுக்க அடுத்தவர் கறைக்குப் பதில் சொல்கிறவள். அண்ணனை அடக்கிவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள். "ஆனா நீங்க கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு விழுந்திருக்கலாம்."

தோளில் தசைநார் கிழிந்திருந்தது. டாக்டர் ஒரு துணிப்பட்டையை இழுத்துக் காட்டி விளக்கினார். கிழிந்த நார் நாளாக ஆகச் சுருங்கிக்கொண்டே போகும். சீக்கிரம் ஆபரேஷன் செய்து தைத்தால் கை பழையபடி தலைக்கு மேல் தூக்கும், தள்ளிப்போட்டால் இழுத்துத் தைக்க நார் எட்டாது. சர்வருக்குத் தலைக்கு மேல் தூக்குவதுதான் பிழைப்பு. ஏழெட்டுத் தட்டு அடுக்கிய ட்ரேயை இடது உள்ளங்கையில் ஏந்தி, உட்கார்ந்திருப்பவர்கள் தலைக்கு மேலே கொண்டுபோக வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் கேட்டால், உயிருக்கு ஆபத்தான கேஸ்கள் வரிசையில் நிற்கின்றன, தோளுக்கு எப்போது முறை வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். வெளியில் செய்ய வசதி இல்லை. இடித்தவன் கொடுத்தால்தான் உண்டு.

இடித்தவன் எதற்குக் கொடுப்பான்? போலீஸ்காரர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, 'நடந்து சென்றவரின் கவனக்குறைவு' என்று எழுதி முடித்துவிட்டார். சர்வர் கையைக் கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் தொங்கவிட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். பச்சை விளக்கு எரிந்தது என்று சொன்னார்.

"அப்போ ஏன் உங்க தப்புன்னு சொன்னீங்க?"

"அது... வழக்கமாச் சொல்றதுங்க."

"வழக்கமா கார்ல அடிபடுவீங்களா?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். சிக்னல் முனையில் இருந்த கண்ணாடிக் கடையில் கேமரா உண்டு. அதைப் பார்க்கச் சொல்லி மனு கொடுத்தார். மனு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்ந்து, கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் பழைய படத்தின் மேல் புதுப் படம் ஏறி எல்லாம் அழிந்துபோயிருந்தது. கடைக்காரர், "முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டார். சர்வர், "என் தப்" என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார். முன்னாலேயே வந்துதானே மனு கொடுத்தார்!

மச்சான் ஒரு பக்கம் வழி சொல்லிக்கொண்டே இருந்தார். "கிரிமினல் கேஸ் போடுங்க. ஆளை உள்ள தள்ளுங்க." மறுநாள், "வேணாம், நேரா இன்சூரன்ஸ் ஆபீஸ் வாசல்ல உக்காந்துடுங்க." அதற்கு மறுநாள், "பேப்பர்ல போடுவோம்." கடைசியில் சலவைக்கடைக்குக் கறுப்பு அங்கி வெளுக்கப் போடுகிற ஒருவர்தான் உருப்படியாக ஒன்று சொன்னார்: கோர்ட்டு வளாகத்திலேயே இலவசச் சட்ட உதவி அறை இருக்கிறது, அங்கே போங்கள்.

அங்கே இருந்த வக்கீலம்மாவுக்கு வயது முப்பதுகூட இருக்காது. மேசையில் கட்டுக் கட்டாகக் காகிதம், ஒரு கால் ஆடுகிற நாற்காலி. படத்தை ஒரே தடவை பார்த்தார்.

"போலீஸ் கேஸ் வேற, நஷ்டஈடு கேஸ் வேற. போலீஸ் என்ன எழுதினாலும் நஷ்டஈடு கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. அதுக்குன்னு தனி கோர்ட்டு இருக்கு, அங்க போடலாம். இல்லன்னா அவங்க இன்சூரன்ஸ் கம்பெனியோட பேசி, சமரசமா வாங்கிக்கலாம். சமரசம்னா சீக்கிரம் முடியும், ஆனா குறைச்சுத்தான் கொடுப்பாங்க."

"கோர்ட்டுக்குப் போனா முழுசாக் கிடைக்குமா?"

"தப்பு முழுக்க அவர் மேலன்னு நிரூபிச்சா முழுசா. பாதித் தப்பு உங்க மேலன்னு நீதிபதி நினைச்சா பாதி போயிடும். இப்போ உங்க வாயாலேயே முழுத் தப்பும் உங்களதுன்னு சொல்லி வச்சிருக்கீங்க." பேனாவை மூடினார். "நான் உங்களைத் திட்டலை. ஆனா ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

சர்வர் மேனேஜரின் முதல் பாடத்தைச் சொன்னார். வக்கீலம்மா மூடிய பேனாவைத் திறந்தார்.

"இதை அவர் கோர்ட்டுல வந்து சொல்வாரா?"

இன்சூரன்ஸ் கம்பெனியோடு முதலில் பேசிப் பார்த்தார்கள். கம்பெனிக்காரர்கள் படத்தைக் காட்டி, கருணை அடிப்படையில் என்று சொல்லி ஏதோ பிச்சை போடுகிற மாதிரி ஒரு தொகை சொன்னார்கள். அது ஆபரேஷனுக்கு மயக்கமருந்து கொடுக்கக்கூடக் காணாது. வேறு வழியில்லாமல் கேஸ் போட்டார்கள். பிறகு வாய்தா. கம்பெனி வக்கீலுக்குக் காய்ச்சல், வாய்தா. நீதிபதி மாற்றல், வாய்தா. காலையில் பெண்டாட்டி சட்டையில் முதலில் இடது கையை நுழைத்து, பிறகு சுற்றிவந்து வலது கையை நுழைத்து, பொத்தான் போட்டு அனுப்புவாள். கோர்ட்டு வராந்தாவில் கால் கடுக்க நின்றுவிட்டுச் சாயங்காலம் திரும்புவார். இதற்கிடையில் தோள் தன் போக்கில் சுருங்கிக்கொண்டிருந்தது. முதலில் மார்பு வரைக்கும் வந்த கை, பிறகு தொப்புளோடு நின்றது. டாக்டர், "இன்னும் எத்தனை நாள் இழுக்கப்போறீங்க?" என்றார், ஏதோ இவர்தான் ஆசைப்பட்டு இழுக்கிற மாதிரி.

சாட்சி சொல்லக் கேட்டு மேனேஜரைப் பார்க்கப் போனபோது அவர் தடபுடலாக வரவேற்றார். "உங்களுக்கு வராம நான் வேற யாருக்கு வருவேன்? இந்த ஓட்டலோட தூண்யா நீங்க." வேலையைக் காலியாகவே வைத்திருப்பதாகவும் சொன்னார். சர்வருக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து, "பெரிய மனுஷன்" என்று நாலு தடவை சொன்னார்.

சாட்சி சொல்கிற நாளில் மேனேஜர் கோட்டுப் போட்டு, தலைக்கு மை அடித்து, வாசனையாக வந்து கூண்டில் ஏறினார். கோர்ட்டில் முழுக் கூட்டம். அதைப் பார்த்ததும் அவர் முகம் ஓட்டல் வாசலில் நிற்கிற முகமாக மாறியது. வக்கீலம்மா, ஊழியர்களுக்கு நீங்கள் என்ன பயிற்சி கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். மேனேஜர் அருமையாக ஆரம்பித்தார். கனிவு என்றார், விருந்தோம்பல் என்றார்.

"தப்பு செய்யாத சர்வரும் தன் தப்புன்னு சொல்லணும்னு சொல்லிக்கொடுத்தீங்களா?"

மேனேஜர் ஒரு கணம் கூட்டத்தைப் பார்த்தார். முன்வரிசையில் அவர் ஓட்டலில் சாப்பிடுகிற வக்கீல்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"அது எப்படிங்க? எங்க ஓட்டல்ல மன்னிப்புக் கேட்டா, அது மனசார கேக்கற மன்னிப்பு. எங்க ஊழியர்கள் ஒப்புக்குச் சொல்ல மாட்டாங்க. தப்பு இருந்தாத்தான் தப்புன்னு சொல்வாங்க."

கம்பெனி வக்கீல் எழுந்து, "கேள்வி எதுவும் இல்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் கேட்கவேண்டிய எல்லாவற்றுக்கும் மேனேஜரே பதில் சொல்லி முடித்துவிட்டார்.

சர்வர், உட்கார்ந்திருந்த பெஞ்சு பின்னால் நகர, எழுந்து நின்றுவிட்டார்.

"சார், பொய் சொல்லாதீங்க சார். நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க? மூச்சு விடறதுக்கு முன்னாடி சொல்லணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"உக்காருங்க," என்றார் நீதிபதி. "உங்க வக்கீல் பேசுவாங்க. இன்னொரு தடவை எழுந்தா வெளியே அனுப்பிடுவேன்."

உட்கார்ந்தார். வக்கீலம்மா குனிந்து, "இவர் பேச்சையே இவருக்குத் திருப்பிக் காட்டற மாதிரி ஏதாவது இருக்கா? சீக்கிரம்," என்று கிசுகிசுத்தார். சர்வர் யோசித்தார். பல்லைக் கடித்துக்கொண்டே அவர் காதில் ஏதோ சொன்னார். வக்கீலம்மா நீதிபதியிடம் அனுமதி கேட்டு மறுபடி எழுந்தார்.

"உங்க ஓட்டல் சுவத்துல சிறந்த ஊழியர்னு இவர் படம் மாட்டியிருக்கா?"

மேனேஜர் மலர்ந்தார். "ஆமாங்க. நானே என் கையால மாட்டினேன்."

"எதுக்காக?"

புகழ்ச்சி என்றால் மேனேஜருக்கு நிறுத்தத் தெரியாது. ஒரு பெரிய தொழிலதிபர் பேசிக்கொண்டே நடந்து கண்ணாடிக் கதவில் மோதி மூக்கை உடைத்துக்கொண்டதையும், ரகளை செய்ய இருந்தவரைச் சர்வர் ஓடிப்போய்ச் சமாதானப்படுத்தியதையும், அந்தப் பெரியமனிதர் அடுத்த வாரமே குடும்பத்தோடு வந்து சாப்பிட்டதையும் கைகளை ஆட்டி ஆட்டிச் சொன்னார்.

"அவர் மோதினப்போ இவர் எங்க இருந்தார்?"

"உள்ள, சமையலறையில."

"ஓடி வந்து என்ன சொல்லிச் சமாதானப்படுத்தினார்?"

மேனேஜர் வாயைத் திறந்தார். பிறகுதான் தான் எங்கே வந்து நிற்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. கோட்டுக் காலரைச் சரிசெய்தார்.

"சொல்லுங்க," என்றார் நீதிபதி.

"மன்னிச்சுக்குங்க, என் தப்புதான்னு... சொன்னார்."

கோர்ட்டில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நீதிபதி தலையைக் குனிந்து எழுதினார். மேனேஜர் கூண்டிலிருந்து இறங்கி, சர்வர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் வெளியே போனார். அந்த வேலை அத்தோடு போயிற்று என்பது சர்வருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

சாப்பாட்டு இடைவேளையில் கம்பெனி வக்கீல் வராந்தாவுக்குத் தேடிக்கொண்டு வந்தார். இதுவரை இவர்களைத் தூணைக் கடக்கிற மாதிரிக் கடந்து போனவர், இப்போது சிரித்தார். சமரசம் செய்துகொள்ளலாம் என்றார். கேட்டதில் முக்கால் பங்கு. ஆபரேஷனுக்குத் தாராளமாகக் காணும். இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் கையோடு ஏற்பாடு செய்துவிடலாம். பத்திரம்கூடத் தயாராகக் குமாஸ்தா கையில் இருந்தது.

சர்வர் அதை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். மூன்றாவது பத்தியில் நின்றுவிட்டார்.

"இது என்னங்க? 'எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளாமல், இத்தொகையை வழங்குகிறோம்'னு போட்டிருக்கு?"

"அது எல்லாச் சமரசப் பத்திரத்துலயும் இருக்கற வரிங்க," என்றார் வக்கீலம்மா. "வழக்கமாப் போடறது. அர்த்தமில்லை."

"அர்த்தமில்லையா? தப்பு இல்லன்னா எதுக்குங்க கொடுக்கறாங்க? தானமா?" குரல் உயர்ந்தது. வராந்தாவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நான் அடிபட்டுக் கிடந்து வழக்கமா ஒண்ணு சொன்னேன். அதுக்கு சாட்சி கொண்டா, சுவத்துல இருக்கற படத்தைக் கொண்டான்னு என்னைப் படுத்தினாங்க. இவங்க நல்லா ஏசி ரூம்ல உக்காந்து வழக்கமா ஒண்ணு எழுதினா, அதுக்கு மட்டும் அர்த்தமில்லையா?"

கம்பெனி வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அந்த வரியை அடிங்க. போடறேன்."

"அதை அடிக்க எனக்கு அதிகாரம் இல்லைங்க. வேண்டாம்னா கேஸ் நடக்கட்டும். நாளைக்கு மறுநாள் கோர்ட்டு விடுமுறை ஆரம்பிக்குது. அதுக்கப்புறம் வாதம், தீர்ப்பு. தீர்ப்பு உங்க பக்கம் வந்தா நாங்க மேல்முறையீடு போவோம். அது உங்க இஷ்டம்."

பெண்டாட்டி சர்வரை ஜன்னல் ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"என்னங்க பண்றீங்க?"

"நான் போட மாட்டேன். நீதிபதி வாயால சொல்லட்டும், அவன் தப்புன்னு."

"இத்தனை வருஷம் ரோட்டுல போறவன் வர்றவன்கிட்ட எல்லாம் என் தப்புதான்னு சொல்லிட்டு இருந்தீங்க. நான் தலையில அடிச்சுக்கிட்டேன். உங்களுக்கு ரோஷம் வர இன்னிக்குத்தான் நாள் கிடைச்சுதா?"

"நீயே இப்படிச் சொல்றியா?"

"நான்தான் சொல்லணும். காலையில உங்களுக்குச் சட்டை மாட்டறது நான். போன மாசம் இந்தக் கையை இவ்வளவு தூக்கித்தான் சட்டைக்குள்ள விட்டேன். இப்போ அதுவும் வரலை. டாக்டர் சொன்னது உங்களுக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கலை." அவர் இடது கையைத் தொட்டாள். "தீர்ப்பை வாங்கி என்ன பண்ணப்போறீங்க, கழுத்துல மாட்டிக்கவா? எனக்குக் கை வேணும்."

சர்வர் ஜன்னல் கம்பியைப் பார்த்தார். இடது கையை அதை நோக்கித் தூக்கினார். தொப்புள் உயரம் வந்ததும் தோளுக்குள் யாரோ முறுக்கிப் பிடித்த மாதிரி நின்றது. நெற்றி வேர்த்தது. இன்னொரு தடவை முயன்றார். அதே இடத்தில் நின்றது.

திரும்பி வந்து பேனாவைக் கேட்டார். பத்திரத்தை ஜன்னல் திண்டில் வைத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அழுத்திய அழுத்தத்தில் பேனா முனை காகிதத்தைக் கிழித்துக்கொண்டு திண்டில் குத்தி நின்றது.

குமாஸ்தா எட்டிப் பார்த்தார். "கிழிஞ்சுடுச்சுங்களே. இது செல்லாது. கொஞ்சம் இருங்க, வேற பிரதி எடுத்துட்டு வர்றேன்."

போனவர் வர வெகுநேரமானது. மிஷின் பழுது என்றார்கள், பிறகு காகிதம் இல்லை என்றார்கள். வக்கீலம்மா அடுத்த கேஸுக்கு ஓடிவிட்டார். அந்த வரியை இரண்டாவது தடவையும் கண்ணால் பார்த்து, இரண்டாவது தடவையும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. இந்த முறை பெண்டாட்டி காகிதத்தைப் பிடித்துக்கொண்டாள்.

ஆபரேஷன் அந்த மாதமே நடந்தது. கை இப்போது காது வரைக்கும் வருகிறது. சட்டையை அவரே போட்டுக்கொள்கிறார். தலைக்கு மேல் போகவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் போயிருக்கும் என்று டாக்டர் சாவகாசமாகச் சொன்னார். ஒரு அச்சகத்தின் கேண்டீனில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே தட்டை இடுப்பு உயரத்தில் கொண்டுபோனால் போதும்.

இடித்த ஆள் கடைசிவரை கோர்ட்டுப் பக்கமே வரவில்லை. வரவேண்டிய அவசியம் இல்லை, கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றார்கள். அந்த முகம் எப்படி இருந்தது என்று மச்சான் ஒருநாள் கேட்டபோது, சர்வரால் சொல்ல முடியவில்லை. முகத்துக்கு முன்னால் போன் இருந்தது.